டால்ஸ்டாயின் கதைகளில் சரீரமும் ஆவியும்

1901ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் பரிசுத்த சினாடு ஓர் அறிக்கையை வெளியிட்டது. மூவொரு கடவுளையும், கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையும், அவர் மரித்தோரினின்று எழுந்ததையும், மறுமை வாழ்வையும், திருவருட்சாதனங்கள் அனைத்தையும் மறுத்துப் போதிக்கும் லெவ் டால்ஸ்டாய் மனந்திரும்பி வரும்வரை அவரைத் தன் உறுப்பினராகக் கருத இயலாது என்பது அதன் சாரம். ஏறத்தாழ அதே காலத்தில் திமித்ரி மெரெஷ்கோவ்ஸ்கி என்னும் திறனாய்வாளர், டால்ஸ்டாயையும் தாஸ்தயேவ்ஸ்கியையும் ஒப்பிட்டுப் பெருநூல் ஒன்றை வெளியிட்டு வந்தார். தாஸ்தயேவ்ஸ்கி ஆவியின் ஆழங்களைக் கண்டவர், டால்ஸ்டாய் மாம்சத்தின் மறைபொருளைக் கண்டவர் என்பது அந்நூலின் மையக் கருத்து.

இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் வியப்பு எழாமற் போகாது. சரீரத்தின் உயிர்த்தெழுதலை மறுத்தவர் என்று திருச்சபை அவரை விலக்குகிறது. சரீரத்தை அவரளவு அறிந்த எழுத்தாளர் இலர் என்று திறனாய்வாளர் வியக்கிறார். ஒரே மனிதரிடத்தில் இவ்விரண்டும் எவ்வாறு கூடின? மனிதன் என்பவன் யார், சரீரத்திற்கும் ஆவிக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவுக்கு டால்ஸ்டாயின் கதைகள் ஒரு விடையையும் அவருடைய கட்டுரைகள் வேறொரு விடையையும் தந்தன என்று நாம் கருதுகிறோம். இவ்வேறுபாட்டை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கே தேவை. நம் தமிழ்த் திருமறை பவுலின் கிரேக்கச் சொற்களுள் ஒன்றைப் பெரும்பாலும் 'சரீரம்' என்றும், மற்றொன்றை 'மாம்சம்' என்றும் பெயர்த்துள்ளது. ரஷ்ய மொழியிலும் இவ்வாறே 'தேலொ', 'பிளோத்' என இரு சொற்கள் உள்ளன. மாம்சம் பாவத்திற்கு அடிமைப்பட்ட மனித நிலையைக் குறிக்கலாம். சரீரமோ உயிர்த்தெழுதலுக்குக் குறிக்கப்பட்டது. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது. டால்ஸ்டாய் தம் கட்டுரைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் 'விலங்கியல்பு' என்னும் ஒரே பெயரில் தள்ளிவிட்டார். கதைகளில் அவர் அவ்வாறு செய்யவில்லை. செய்ய முடியவில்லை என்பதே பொருந்தும்.

டால்ஸ்டாய் 1828இல் தூலா மாகாணத்து யாஸ்னயா பல்யானாவில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாயையும், ஒன்பதாம் வயதில் தந்தையையும் இழந்தார். 1857இல் பாரிஸ் நகரில் ஒருவனுக்குக் கில்லட்டின் இயந்திரத்தால் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதை நேரிற் கண்டார். தலை வேறாகவும் உடல் வேறாகவும் பெட்டியில் விழுந்ததைக் கண்ட அக்கணத்தில், எந்தத் தத்துவமும் இச்செயலை நியாயப்படுத்த இயலாது என்பதைத் தாம் அறிவாலன்றி முழு இருப்பாலேயே உணர்ந்ததாகப் பல ஆண்டுகளுக்குப் பின் தம் 'வாக்குமூலம்' என்னும் நூலில் எழுதினார். அவருடைய பெரும் ஒழுக்க முடிவுகள் இவ்வாறே ஒரு சரீரத்தைக் கண்ட காட்சியிலிருந்து பிறந்தன. 1860 செப்டம்பரில் தமையன் நிக்கொலாய் காசநோயால் பிரான்சின் தென்கரையிலுள்ள ஹியேர் என்னும் ஊரில் டால்ஸ்டாயின் கண்முன்னே உயிர் நீத்தார். அம்மரணம் அவர் எழுத்தை விட்டு அகலவேயில்லை.

'போரும் வாழ்வும்' 1869இல் நிறைவுற்றது. அதில் இளவரசன் ஆந்திரேய் போரில் காயமுற்று மெல்ல இறக்கிறான். இறக்குந்தோறும் அவனுள் அனைவர்மீதும் ஒருவகை அன்பு பெருகுகிறது. பக்திப் பிரசங்கம் செய்பவர் இதனைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வார். டால்ஸ்டாய் நிறுத்தவில்லை. அனைவரையும் நேசிக்கும் அவ்வன்பு எவரையும் நேசிக்காத ஒன்றாய்க் குளிர்வதை அவர் காட்டுகிறார். அருகில் அமர்ந்திருக்கும் தங்கையும் நடாஷாவும் அவன் தங்களை விட்டு எங்கோ சென்றுவிட்டதை உணர்ந்து திகைக்கின்றனர். சரீரத்தைத் துறந்த ஆவி உயிரோடிருப்பவர்க்கு எத்துணை அந்நியமானது என்பதைத் தம் நாற்பதாம் வயதளவில் அவர் அறிந்திருந்தார். பிற்காலத்தில் கட்டுரைகள் எழுதியபோது இவ்வறிவை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே நம் வருத்தம்.

1878இல் நூலாக வெளிவந்த 'அன்னா கரீனினா'வில் தலைப்பிடப்பட்ட அதிகாரம் ஒன்றே ஒன்று. அதன் தலைப்பு 'மரணம்'. லெவினின் சகோதரன் ஒரு மலிவான விடுதியில் நாற்றமும் அழுக்கும் சூழக் காசநோயால் இறந்துகொண்டிருக்கிறான். படித்தவனும் மரணத்தைப் பற்றி இரவுபகலாகச் சிந்தித்தவனுமாகிய லெவின் அறையில் என்ன செய்வதென்றறியாது விறைத்து நிற்கிறான். அவன் இளம் மனைவி கிட்டியோ நோயாளியின் உடலைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள், துணிகளை மாற்றுகிறாள், தலையணையைச் சரிசெய்கிறாள், மருத்துவரை அழைப்பிக்கிறாள். அதே கையோடு, நற்கருணை பெறவும் எண்ணெய்ப் பூசுதல் பெறவும் நோயாளியை இணங்கச் செய்கிறாள். தலையணையும் திருவருட்சாதனமும் அவளுக்கு ஒரே பணியின் இரு கூறுகள். அவ்வதிகாரத்தின் முடிவில் கிட்டி கருவுற்றிருப்பது தெரியவருகிறது. மரணமும் பிறப்பும் ஒரே வீட்டில், ஒரே பெண்ணின் சரீரத்தைச் சுற்றி நிகழ்கின்றன. ஆயர் பணியைப் பற்றிய நூல்களிலும் இவ்வளவு நுட்பமான விளக்கத்தைக் காண்பது அரிது.

இந்நாவலுக்குப் பின் வந்த ஆன்மிக நெருக்கடி யாவரும் அறிந்ததே, விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'வாக்குமூலம்' 1882இல் தணிக்கையாளரால் தடுக்கப்பட்டு 1884இல் ஜெனீவாவில் அச்சாயிற்று. நான்கு நற்செய்தி நூல்களையும் அவர் தாமே மொழிபெயர்த்து ஒன்றாக்கினார். அதன் சுருக்க நூலில் அற்புதங்கள் இல்லை. கதை சிலுவையோடு முடிகிறது; வெறுமையான கல்லறை இல்லை. யோவான் நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள 'வார்த்தை' என்னும் சொல்லை அவர் 'புரிந்துகொள்ளுதல்' என்னும் பொருள்படப் பெயர்த்தார். கிறிஸ்து போதகராக மட்டுமே நின்றபோது அவர் மாம்சமானது ஒரு தற்செயலாயிற்று. 1880களின் பிற்பகுதியில் எழுதிய 'வாழ்வைப் பற்றி' என்னும் நூலில் இதன் விளைவைக் காண்கிறோம். மனிதனில் விலங்குத் தன்மையுள்ள தனியாள் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மேல் பகுத்தறிவுணர்வு இருக்கிறது. முன்னதைப் பின்னதற்குக் கீழ்ப்படுத்தினால் மரணம் என்பதே இல்லாமற் போகும் என்கிறார் ஆசிரியர். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோனோடும் ஞானக்கொள்கையினரோடும் திருச்சபை நிகழ்த்திய போராட்டத்தைப் படித்தவர்க்கு இக்குரல் புதியதன்று.

ஆனால் இதே ஆண்டுகளில், 1886இல், 'இவான் இலியிச்சின் மரணம்' வெளிவந்தது. 1881இல் இறந்த தூலா நகர நீதிபதி ஒருவரின் வாழ்க்கை இதற்குத் தூண்டுகோல். இவான் இலியிச் நாற்பத்தைந்து வயதுடைய நீதிமன்ற உறுப்பினர். புது வீட்டில் திரைச்சீலை தொங்கவிடும் முறையைக் காட்ட ஏணியில் ஏறி, சறுக்கி, விலாவில் சிறு அடி பட்டுக்கொள்கிறார். அவ்வடியே நோயாகி அவரைக் கொல்லுகிறது. மருத்துவர்கள் சிறுநீரகமா, குடல்வாலா என்று விவாதிக்கின்றனர். தாம் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களை நடத்தியவாறே மருத்துவர் தம்மை நடத்துவதை நீதிபதி உணர்கிறார். அவர் கேட்கும் வினா, நான் சாகப்போகிறேனா என்பது. அவ்வினா மருத்துவ விசாரணைக்குப் பொருத்தமற்றதாகத் தள்ளப்படுகிறது. வீட்டிலோ, அவர் நோயுற்றிருக்கிறாரேயன்றிச் சாகவில்லை என்னும் பொய்யை அனைவரும் ஒருமித்துக் காக்கின்றனர்.

இப்பொய்யில் சேராதவன் ஒருவன் உண்டு. அவன் கெராசிம் என்னும் இளம் குடியானவன், அவ்வீட்டின் வேலைக்காரன். நோயாளியின் மலப்பாத்திரத்தை முகஞ்சுளிக்காமல் எடுத்துச் செல்பவன் அவனே. கால்களை உயர்த்திப் பிடித்தால் வலி தணிகிறது என்று இவான் இலியிச் கூற, அவற்றைத் தன் தோள்மீது தாங்கி இரவு முழுதும் அமர்ந்திருக்கிறான். எல்லாரும் சாகப்போகிறவர்கள்தாமே, ஆகையால் சிறிது பாடுபட்டால் என்ன என்பதே அவன் இறையியல் முழுவதும். மற்றவர்களின் உடல்நலம் நோயாளிக்கு எரிச்சலூட்டுகிறது. கெராசிமின் வலிமை ஒன்றே அவரை ஆற்றுகிறது. ஒருவனுடைய தோளின் வழியாக, சொல்லின் துணையின்றி, இரக்கம் இன்னொருவனுடைய காலைத் தொடுகிறது. இக்காட்சியில் ஆவி எது, சரீரம் எது என்று பிரித்துக் காட்டுவார் எவருமிலர்.

குருவானவர் இக்கதையில் சில வரிகளிலேயே வந்து போகிறார். மனைவியின் வேண்டுகோளால் நோயாளி பாவ அறிக்கை செய்து கண்ணீரோடு நற்கருணை பெறுகிறார். சிறிது நேரம் உண்மையான ஆறுதலும் நம்பிக்கையும் வருகின்றன. பின்னர் மனைவி வந்து, இப்போது நலமாயிருக்கிறதல்லவா என்னும் பொருள்படக் கேட்கிறாள். அவளுடைய உடை, உருவம், குரல் யாவும் பொய்யென்று அவருக்குத் தோன்றுகிறது, ஆறுதல் கலைகிறது. சடங்கின் பயனின்மையை டால்ஸ்டாய் இங்கு நிறுவுகிறார் என்று பலர் உரைத்துள்ளனர். நாம் அவ்வாறு வாசிக்கவில்லை. நற்கருணை வேளையில் வந்த கண்ணீரைக் கதை ஏளனம் செய்யவில்லை. வீட்டார் கட்டிக்காத்த பொய்க்குள் அதனையும் இழுத்துக்கொண்டதே கேடு. நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர், குடும்பத்தார் வாசலிலேயே காதோடு காதாய்ச் சொல்லிவைத்த பொய்யைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறோம்!

முடிவும் அவ்வாறே சரீரத்தின் வழியாய் வருகிறது. மூன்று நாள் இடைவிடாது அலறியபின், இறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, துடித்து வீசிய அவருடைய கை பள்ளிச் சிறுவனான மகனின் தலைமேல் விழுகிறது. சிறுவன் அக்கையைப் பற்றி உதட்டில் அழுத்தி அழுகிறான். அந்நொடியில்தான் வெளிச்சம் தென்படுகிறது. தம்மால் இவர்கள் துன்புறுகிறார்களே என்னும் இரக்கம் பிறக்கிறது. மன்னிப்பு வேண்டும் சொல்லை உரைக்க முயன்று, ரஷ்ய மொழியில் அதனோடு ஒலியொத்த, 'வழிவிடு' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லைக் குழறிவிடுகிறார். திருத்திச் சொல்ல வலிமையில்லை. யாருக்குப் புரியவேண்டுமோ அவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். தளர்ந்த நாவின் பிழையை ஏற்றுக்கொள்ளும் இக்கடவுள், 'வாழ்வைப் பற்றி' என்னும் நூலின் பகுத்தறிவுணர்வு அல்லர் என்பது வெளிப்படை.

நம் நாட்டிலோ டால்ஸ்டாய் பெரிதும் கட்டுரையாளராகவே முதலில் அறியப்பட்டார். அவருடைய 'கடவுளின் ஆட்சி உங்களுள்ளே இருக்கிறது' என்னும் நூல் காந்தியடிகளைத் தென்னாப்பிரிக்காவில் ஆட்கொண்டது. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய்ப் பண்ணையில் சத்தியாக்கிரகிகளான தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்து உடலுழைப்பை மேற்கொண்டன. 1908இல் 'இந்து ஒருவருக்குக் கடிதம்' எழுதியபோது டால்ஸ்டாய் திருக்குறளை எடுத்தாண்டதும் நம்மவர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் புலனடக்கம் போதித்த முனிவராகவே அவர் நம் கண்முன் நின்றுவிட்டார். தலையணையைச் சரிசெய்யும் கிட்டியைப் படைத்தவர் மறைந்துபோனார்.

அம்முனிவரின் கடுமை உச்சத்தை அடைந்தது 1889இல் முடிவுற்ற 'குரொய்ட்சர் சொனாட்டா'வில். பொறாமையால் மனைவியைக் கொன்றவன் இரயில் பெட்டியில் தன் கதையைக் கூறுகிறான். மத்தேயு 5:28 முகப்பு வசனங்களுள் ஒன்று. கொலைகாரனின் வெறியை ஆசிரியரின் கருத்தாக வாசகர் கொள்ளாதிருக்க இடமுண்டு என்று நாம் வாதிடலாம். ஆனால் 1890இல் எழுதிய பின்னுரையில் டால்ஸ்டாயே அவ்வழியை அடைத்துவிட்டார். திருமணத்தினுள்ளும் முழுத் துறவே கிறிஸ்தவ இலட்சியம் என்றார். இதை அவர் எழுதிவந்த காலத்தில், 1888 மார்ச்சில், அவருடைய பதின்மூன்றாவது குழந்தை பிறந்தது என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சுட்டாமல் விடுவதில்லை. நூல் தணிக்கையில் சிக்கியபோது, 1891இல் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரை நேரிற் கண்டு அதனை அச்சிட அனுமதி பெற்று வந்தவர், அந்நூலால் மிகவும் புண்பட்ட மனைவி சோஃபியாவே. அவ்வம்மையாரின் துயரத்தை ஒரு கருத்துக்குக் கொடுத்த விலை என்று எளிதாகக் கடந்து போக நமக்கு மனம் வரவில்லை.

கதாசிரியர் போதகரை மறுத்துப் பேசுவதும் உண்டு. 'தந்தை செர்கி' 1890களில் எழுதப்பட்டு, ஆசிரியர் இறந்தபின் 1911இல் வெளிவந்தது. பெருமை மிக்க இளவரசன் ஒருவன் துறவியாகிறான். தன்னை மயக்க வந்த பெண்ணிடமிருந்து தப்பக் கோடரியால் தன் விரலையே வெட்டிக்கொள்கிறான். புனிதர் என்னும் புகழ் பரவுகிறது. பல ஆண்டுகள் கழித்து, குணமாக்கும்படி கொண்டுவரப்பட்ட ஒரு வணிகனின் மகளிடம் அவனே வீழ்ந்துபோகிறான். வெட்டுண்ட விரல் அவனை ஒன்றினின்றும் காக்கவில்லை. இறுதியில் அவன் தேடிச் செல்வது, சிறுவயதில் எல்லாரும் கேலி செய்த பாஷென்கா என்னும் பெண்ணை. அவள் இப்போது நோயாளியான மருமகனையும் பேரக்குழந்தைகளையும் இசைப்பாடம் கற்பித்துக் காப்பாற்றும் ஏழைப் பாட்டி. அவன் வரும்போது ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருக்கிறாள். கடவுளுக்காக வாழ்கிறோம் என்று எண்ணி மனிதருக்காக வாழ்ந்தவன் தானென்றும், மனிதருக்காக வாழ்கிறோம் என்று எண்ணிக் கடவுளுக்காக வாழ்ந்தவள் அவளென்றும் அவன் உணர்கிறான்.

1895இல் வெளிவந்த 'எஜமானனும் வேலைக்காரனும்' என்னும் கதையே இவ்வரிசையின் சிகரம் என்பது நம் முடிபு. வசீலி பிரெகூனோவ் ஒரு வணிகன். தன் ஊர்த் திருச்சபையின் பொருளாளன் போன்ற பொறுப்பும் உடையவன். காடொன்றை மலிவாக வாங்க வேண்டித் தன் பணம் எழுநூறு ரூபிளோடு, தன்னிடமிருந்த ஆலயப் பணம் இரண்டாயிரத்து முந்நூறையும் எடுத்துக்கொண்டு, நிகித்தா என்னும் ஐம்பது வயது வேலைக்காரனோடு பனிப்புயலில் சறுக்குவண்டியில் புறப்படுகிறான். (திருச்சபைக் கணக்குகளைப் பார்க்க நேர்ந்த நம் வாசகர் சிலர் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும்.) வழி தவறுகிறது. இரவில் நிகித்தாவை விட்டுவிட்டுத் தான் மட்டும் குதிரையேறித் தப்ப முயல்கிறான். புயலில் சுற்றிச் சுற்றி அலைகையில் ஆலயத்து உருவப்படங்களும், தான் விற்ற மெழுகுவர்த்திகளும் நினைவுக்கு வருகின்றன. அவை ஆலயத்தில் தேவையானவைதாம். இப்பனியில் அவற்றால் தனக்கு ஒன்றும் ஆகாது என்பது தெளிவாகத் தெரிகிறது.

குதிரை அவனை மீண்டும் வண்டியிடமே கொண்டுவந்து விடுகிறது. நிகித்தா விறைத்துச் சாகும் நிலையில் கிடக்கிறான். தனக்குச் சேரவேண்டிய கூலியை வீட்டாரிடம் கொடுத்துவிடும்படி சொல்லி, மன்னிப்பும் கேட்கிறான். வணிகன் அரை நிமிடம் அசையாது நிற்கிறான். பிறகு, நல்ல பேரம் முடியும்போது கையடிக்கும் அதே உறுதியோடு, பனியைத் தள்ளிவிட்டு, தன் உரோமக் கோட்டைத் திறந்து, நிகித்தாவின்மேல் முழு உடம்பும் பொருந்தப் படுத்துக்கொள்கிறான். கீழே கிடப்பவன் சூடேறுகிறான். வணிகனின் கண்களில் அவனே எதிர்பாராத கண்ணீர் பெருகுகிறது. தானே நிகித்தா, நிகித்தாவே தான் என்றும், நிகித்தா வாழ்ந்தால் தானும் வாழ்கிறான் என்றும் அவனுக்குத் தோன்றுகிறது. தான் காத்திருந்தவர் வந்து அழைக்க, மகிழ்ச்சியோடு போகிறான். மறுநாள் பனியைத் தோண்டியவர்கள் விறைத்த பிணத்தின் கீழ் உயிரோடு ஒருவனைக் காண்கின்றனர். நிகித்தா மூன்று கால்விரல்களை இழந்து, இன்னும் இருபது ஆண்டு வாழ்ந்தான்.

இங்கே ஒருவன் தன் ஆவியைக் கண்டடைவது எதனால்? தியானத்தாலன்று, சரீரத்தை ஒடுக்கியதாலுமன்று. நன்றாக உண்டு தடித்த ஒரு வணிக உடம்பின் வெப்பத்தை இன்னோர் உடம்புக்குக் கொடுத்ததால். ஒருவர் தம் சரீரத்தைப் பிறருக்காகக் கொடுத்தார் என்று திருவிருந்தில் நாம் அறிக்கையிடுகிறோம். டால்ஸ்டாய் அவ்வறிக்கையை மறுத்தவர். மறுத்தவரின் எழுதுகோலிலிருந்து அதன் மிகத் தெளிவான உவமை பிறந்திருக்கிறது. இக்கதை அச்சான அதே வாரங்களில், 1895 பெப்ருவரியில், முன் குறிப்பிட்ட கடைசிக் குழந்தை இவான் செங்காய்ச்சலால் ஏழு வயது நிறையுமுன் இறந்தான்.

1899இல் வந்த 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாய், அரசால் துன்புறுத்தப்பட்ட துகொபோர் மக்கள் கனடாவில் குடியேற உதவியது. அதன் ரஷ்யத் தலைப்பு, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைக் குறிக்கத் திருச்சபை வழங்கும் அதே சொல். தமிழில் பெயர்த்தோர் 'உயிர்த்தெழுதல்' என்னாது 'புத்துயிர்ப்பு' என்றது பொருத்தமே. ஏனெனில் நாவலில் எழுவது மனச்சாட்சியேயன்றிச் சரீரமன்று. சிறைச்சாலை ஆலயத்தில் நடைபெறும் வழிபாட்டை, அப்பம் திராட்சரசம் முதலியவற்றை, ஒன்றும் அறியாத அயலான் கண்ணால் காண்பதுபோல் அதில் அவர் ஏளனமாக விவரித்தார். சினாடின் அறிக்கை நற்கருணை பற்றிய ஏளனத்தைத் தனியே எடுத்துக் கண்டித்தது இதன் விளைவே.

சினாடு தவறு செய்ததா? அவர் மறுத்தவை எவை என்று அது கூறியது பொய்யன்று; டால்ஸ்டாய் அதே ஆண்டு எழுதிய மறுமொழியில் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தாம் மறுப்பது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். ஆயினும், விலங்கிட்ட கைதிகள் அக்கிண்ணத்தை நோக்கி நிற்க, சிறையதிகாரிகள் காவல் நிற்கும் காட்சியைக் கண்டு அவர் கொதித்தார் என்பதை அறிக்கை கேட்கவேயில்லை. கைதிகளின் சரீரம் அங்கே எவருக்கும் பொருட்டாகவில்லை. அவர் பார்வையில் அதுவே ஆண்டவரின் சரீரத்தை வெறும் சடங்காக்கியது. கொரிந்து சபையில் பசித்திருந்தோரைப் பொருட்படுத்தாமல் உண்டவர்களைப் பவுல் கண்டித்ததும் இதையொட்டியதே. மெரெஷ்கோவ்ஸ்கியும் பாதியே கண்டார். டால்ஸ்டாயின் கதைகளில் மாம்சம் தனித்து நிற்பதேயில்லை; தாங்கும் தோளாகவும், பிசையும் கையாகவும், சூடுதரும் மார்பாகவும் எப்போதும் மற்றொருவரை நோக்கியே நிற்கிறது.

1910 அக்டோபர் 28ஆம் நாள், பழைய நாட்காட்டியின்படி, எண்பத்திரண்டு வயதில் டால்ஸ்டாய் வீட்டை விட்டு இரகசியமாக வெளியேறினார். துறவு மடத்தில் இருந்த தங்கை மரியாவைக் கண்டார். வழியில் நுரையீரல் அழற்சி பற்ற, அஸ்தாப்பொவோ இரயில் நிலையத்தில் இறக்கி நிலைய அதிகாரியின் வீட்டில் படுக்க வைத்தனர். ஒப்தினா மடத்திலிருந்து வந்த வர்சொனோஃபி என்னும் துறவி உள்ளே அனுமதிக்கப்படவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டு உடன்வாழ்ந்த மனைவியும், அவர் நினைவிழக்கும்வரை வெளியிலேயே நிறுத்தப்பட்டார். நவம்பர் 7ஆம் நாள் காலை அவர் இறந்தார். சிலுவையின்றி, குருவானவரின்றி, யாஸ்னயா பல்யானாவின் காட்டுப் பகுதியில், அண்ணன் நிக்கொலாயோடு சிறுவயதில் விளையாடிய இடத்தில், அவர் விரும்பியபடியே அவர் சரீரம் அடக்கம் செய்யப்பட்டது.